சமநிலையில் நின்றுபோன லிஃப்ட்

லிஃப்ட் கம்பெனியில் அவரை ‘மேலிடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடத்தின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷின் ரூமில்தான் அவருடைய நாளில் பாதி கழியும். கீழே நிற்கும் மெக்கானிக்குகளிடம் யாராவது ஏதாவது கேட்டால், "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்" என்பார்கள். சொல்லிவிட்டு உண்மையாகவே தலையைத் தூக்கி மேலே பார்த்துக் கத்துவார்கள். மேலேயிருந்து ஒரு பெண் குரல் பதில் சொல்லும். கட்டட மேனேஜர்கள் முதல் தடவை திகைத்துப் போவார்கள். இரண்டாவது தடவையிலிருந்து அவர்களும் நேராக மேலிடத்துக்கே மனுப் போடுவார்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். மேலிடத்தை நான் சந்தித்தது பொது நூலகத்தின் நாலாம் மாடியில், வியாழக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு நடந்த சீனத் தத்துவ வகுப்பில். அவரைப் பற்றி எழுதப்போவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவர் கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. கணவர் தையல்காரர். பேச்சிலும் துணியைப் போலத்தான், வேண்டிய அளவுக்குமேல் வெட்ட மாட்டார்.

மேலிடம் இருபத்து மூன்று வயதில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தது டெலிபோன் எடுக்கும் வேலைக்கு. லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிடுகிறவர்களிடம் முகவரியை வாங்கி மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அவரால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. கதவு முழுசாக மூடியதா, மூடும்போது சத்தம் வந்ததா, எந்த மாடியில் நின்றது, போன வாரமும் அதே மாடியா என்று குடைந்து எடுத்துவிடுவார். ஒரு வருடத்துக்குள், எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று மெக்கானிக் கிளம்பும்போதே இவர் சொல்லத் தொடங்கினார். பத்துக்கு எட்டு சரியாக இருந்தது. அடுத்த வருடம் முதலாளி முன்னால் போய் நின்று, என்னையும் மெக்கானிக் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று கேட்டார்.

"லிஃப்ட் வேலைக்குப் பொம்பளையா? மேலே ஏறணுமேம்மா" என்றார் முதலாளி.

"மேலே போறதுக்குத்தானே சார் லிஃப்டே வெச்சிருக்கோம்?"

முதலாளி சிரித்துவிட்டார். சிரித்த வாயால் முடியாது என்று சொல்வது யாருக்கும் கஷ்டம்தான்.

பயிற்சியின் முதல் வாரத்தில் நடந்ததை அவர் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காமல் சொல்வார். நாம் ஏறி நிற்கிறோமே அந்தக் கூண்டு, இரும்புக் கயிறுகளின் ஒரு முனையில் தொங்குகிறது. கயிறுகள் உச்சியிலிருக்கும் சக்கரத்தின் மேலே போய் மறுபக்கம் இறங்குகின்றன. அந்த முனையில் இரும்புப் பாளங்களை அடுக்கிய ஒரு சட்டம் தொங்கும். அதற்கு எதிர் எடை என்று பெயர். கூண்டு ஏறினால் அது இறங்கும், கூண்டு இறங்கினால் அது ஏறும். பயிற்சியில் ஆளில்லாத கூண்டை நடு மாடியில் நிறுத்தி, மின்சாரத்தை அணைத்துவிட்டு, அவரைப் பிரேக்கைத் தளர்த்தச் சொன்னார்கள். கூண்டு அதலபாதாளத்துக்குப் போய் நொறுங்கப்போகிறது என்று அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கூண்டு நிதானமாக மேலே போயிற்று. காலிக் கூண்டைவிட எதிர் எடைதான் கனம். ஏறக்குறைய பாதி ஆட்கள் ஏறினால் இரண்டும் ஒரே கனமாகும்படிதான் அதை அடுக்கியிருப்பார்கள்.

"அன்னிக்கு வரைக்கும் எத்தனை லிஃப்ட்ல ஏறி இறங்கியிருப்பேன்! நான் மேலே போகும்போதெல்லாம் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு கீழே போயிட்டிருந்திருக்கு. எனக்கு அது தெரியவே தெரியாது" என்பார்.

தையல்காரரைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவருக்கு இருபத்தேழு வயது. தையல்காரர் வீட்டு முன்னறையிலேயே மெஷினைப் போட்டு, பழைய துணிகளை அளவு மாற்றிக் கொடுத்தார். சமையலும் அவர்தான், மகளைப் பள்ளிக்கு அனுப்பினதும் அவர்தான். மனைவி முழங்கை வரை கிரீஸோடு வந்து இறங்குவதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் கேலியாக, "ஆமா, இந்த வீட்டுல நீங்க வீட்டுக்காரரா, வீட்டுக்காரியா?" என்று கேட்டார். வாயில் குண்டூசிகளை வைத்திருந்த தையல்காரர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "தையல்காரர்" என்றார். எதிர்வீட்டுக்காரர் அதற்குப் பிறகு கால்சட்டை தைக்க மட்டுமே வந்தார்.

நூலகத்தின் லிஃப்டை மாதம் ஒருமுறை பார்ப்பது மேலிடத்தின் பொறுப்பு. ஒரு வியாழக்கிழமை நாலாம் மாடிக் கதவின் சட்டத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எதிரே எங்கள் வகுப்பு. ஆசிரியர் முப்பத்தைந்து வயதுக்காரர், பகலில் கல்லூரியில் பாடம் எடுப்பவர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. பேச ஆரம்பித்தால் கரும்பலகையைக்கூட மறந்துவிடுவார். அன்று தாவோ தத்துவத்தின் இருமையைத் தொடங்கியிருந்தார். எதிரும் புதிருமான இரண்டு, ஒன்றை ஒன்று அழிக்க வந்தவை அல்ல, ஒன்று இல்லாவிட்டால் மற்றதும் இல்லை, ஒன்று எழும்போதே மற்றது தாழ்கிறது என்று சொல்லிக்கொண்டு போனார். கதவில் ஒரு தலை தெரிந்தது. கையில் எண்ணெய்க் குவளை.

"மன்னிச்சுக்கோங்க சார். நீங்க லிஃப்டைப் பத்தியா பேசுறீங்க?"

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றார். ஆசிரியர், "இல்லைங்க, இது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு" என்றார். "அப்படின்னா லிஃப்டுக்கு முந்தினது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலிடம் மறுபடி வேலையில் குனிந்தார். கீழே இறங்கியதும் நூலகர் அம்மாவிடம் போய் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது.

அடுத்த வாரத்திலிருந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஆசிரியர் யின், யாங் என்ற இரண்டு சொற்களையும் விளக்கினார். தொடக்கத்தில் யின் என்றால் மலையின் நிழல் பக்கம், யாங் என்றால் வெயில் பக்கம். மேலிடம் உடனே கையைத் தூக்கினார்.

"சாயங்காலம் அப்படியே மாறிடுமே சார்? காலையில நிழலா இருந்த பக்கம்தான் அப்போ வெயில் பக்கம்."

"அதேதான்!" என்று ஆசிரியர் சாக்பீஸையே கீழே போட்டுவிட்டார். "மலை மாறல. பக்கமும் நகரல. ஆனா பேர் மாறிடுச்சு. எது நிழல்னு நிரந்தரமா சொல்ல முடியாது. இதைப் புரியவைக்க எனக்கு வழக்கமா ரெண்டு வகுப்பு ஆகும்."

அன்று மேலிடம் வீட்டுக்குப் போய்த் தையல்காரரிடம் இதை மூன்று தடவை சொன்னாராம். மூன்றாவது தடவை அவர், "மலையில எந்தப் பக்கம் துணி காயப்போடலாம்னு சொல்லு, அது உபயோகம்" என்றாராம்.

சண்டை வந்தது ஐந்தாவது வாரம். ஆசிரியர் பலகையில் அந்த வட்டத்தை வரைந்தார். பாதி கறுப்பு, பாதி வெள்ளை, கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி, வெள்ளைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. யின் மென்மை, தாழ்வு, பெண். யாங் கடினம், உயரம், ஆண். இப்படி அவர் பட்டியலிட்டபோது நாங்கள் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் திரும்பி மேலிடத்தைப் பார்த்தோம். அவர் தன் காய்த்துப்போன உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதோடு போயிருக்கும். ஆனால் ஆசிரியர் கடைசியாக, "ஆக, இந்தத் தத்துவத்தோட லட்சியம் சமநிலை. இரண்டும் சரிபாதி. அங்கேதான் அமைதி" என்றார்.

"அது எப்படி சார்?" என்றார் மேலிடம். "சரிபாதியா இருந்தா நின்னுபோயிடுமே."

"எது?"

"எதுவும். ரெண்டு பக்கமும் ஒரே கனமா இருந்தா நகராது சார். கொஞ்சமாவது ஏத்தக்குறைச்சலா இருக்கணும். அப்போதான் ஒண்ணு இன்னொண்ணை இழுக்கும். நீங்களே சொன்னீங்க, வெயில் பக்கம் மாறிட்டே இருக்கும்னு. சரிபாதியில நின்னுட்டா எப்படி மாறும்?"

"இது தத்துவம்மா. மெஷின் இல்ல."

"மெஷினுக்குத் தத்துவம் தெரியாதுதான் சார். ஆனா தப்பைத் தப்புன்னு காட்டிடும்."

அவர் குரலில் கேலி இல்லை. ஆனால் ஆசிரியர் முகம் சிவந்துவிட்டது. "இங்கே ஒர்க்‌ஷாப் நடக்கல. மத்தவங்களும் கத்துக்க வந்திருக்காங்க" என்றார். மேலிடம் நோட்டை மூடினார், பேனாவை அதன் முதுகில் செருகினார், வகுப்பு முடியும்வரை மரியாதையாக உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

வீட்டில் தையல்காரர் கேட்டிருக்கிறார். "கோபமா?"

"கோபம் இல்ல. வேலை ஜாஸ்தி."

"வேலை ஜாஸ்தின்னா நீ சாப்பிடும்போது பேசுவே. இப்போ பேசாம சாப்பிடுற."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தையல்காரர் ஊசியில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டுவிட்டு, "இருபத்துநாலு வருஷத்துல என்னால ஒருநாள்கூட உன் வாயை மூட முடியல. அந்த மனுஷனை நான் ஒருதடவை பாக்கணுமே" என்றார். அப்படித்தான் மூன்றாவது வியாழக்கிழமை இருவரும் சேர்ந்து நூலகத்துக்குக் கிளம்பினார்கள். பார்த்துவிட்டு வருவோம் என்று தையல்காரர் சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் மனைவிக்கு அந்த வகுப்பு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவருக்குத் தெரியும்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாங்கள் ஆறு பேர் கீழ்த்தளத்தில் லிஃப்டில் ஏறினோம். ஆசிரியர், நான், ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ், ஒரு பஸ் கண்டக்டர், இரண்டு கல்லூரி மாணவிகள். மூன்றாம் மாடி தாண்டியதும் ‘டப்’ என்று விளக்கு அணைந்தது. கூண்டு ஒரு குலுக்கலோடு நின்றது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். தெரு முழுவதும் மின்சாரம் இல்லை. பழைய கட்டடம், ஜெனரேட்டரும் கிடையாது.

முதல் ஐந்து நிமிடம் ஜோக்கடித்தோம். பத்தாவது நிமிடம் செல்போன் வெளிச்சத்தில் ஆசிரியரைப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். "எனக்கு மூடின இடம் ஆகாது" என்றார். நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்ல, "சீக்கிரம் வெளியே போனா நல்லது" என்றார்.

கீழே மேலிடமும் தையல்காரரும் உள்ளே நுழையும்போது காவலாளி ஒரு கடப்பாரையோடு படியேறிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடிக் கதவை நெம்பித் திறந்து எங்களைக் குதிக்கச் சொல்வது அவர் திட்டம். மேலிடம் இரண்டு இரண்டு படியாகத் தாண்டிப் போய் அவர் கையைப் பிடித்தார். கூண்டின் தரை மூன்றாம் மாடித் தரையைவிட நெஞ்சளவு உயரத்தில் நின்றது. குதிக்கிறவர் கால் வழுக்கினால் கூண்டுக்கு அடியில் இருக்கும் இடைவெளி வழியாக நேரே அடித்தளத்துக்குத்தான் போவார்.

"நின்னுபோன லிஃப்ட்ல உள்ளேயே இருந்தவங்க யாரும் செத்ததில்லைங்க. அவசரப்பட்டு இறங்கினவங்கதான்" என்றார். கடப்பாரை தரைக்கு வந்தது.

கூண்டுக்குள் இருந்த சிறிய ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தபோது எங்களுக்குப் போன உயிர் திரும்பியது. அந்த ஸ்பீக்கர் பேட்டரியில் ஓடுவது.

"நான்தான் பேசுறேன். மெஷின் ரூம்ல இருக்கேன். மெயினை அணைச்சாச்சு. இப்போ பிரேக்கை மெல்லத் தளர்த்துவேன். கூண்டு மேலேயோ கீழேயோ தானா போகும். பயப்படாதீங்க."

காத்திருந்தோம். தலைக்குமேல் எங்கோ ‘க்ளக்’ என்று சத்தம். கூண்டு அசையவில்லை. மறுபடி ‘க்ளக்’. நின்ற இடத்தில் நின்றது.

"உள்ளே எத்தனை பேர்?"

"ஆறு பேர்" என்றேன்.

"எத்தனை பேர் ஏறலாம்னு எழுதியிருக்கு?"

வெளிச்சத்தை அடித்துப் படித்தேன். "பதிமூணு."

மேலே அவர் கணக்குப் போட்டு முணுமுணுத்தார். பிறகு அவர் சிரிப்பது கேட்டது. "நாலு பேர் இருந்திருந்தா இந்நேரம் மேலே போயிருப்பீங்க. ஒம்பது பேர் இருந்திருந்தா கீழே வந்திருப்பீங்க. ஆறு பேர், அதுவும் சரியான ஆறு பேர்! ரெண்டு பக்கமும் ஒரே கனம். ஆசிரியர் சார் உள்ளே இருக்காரா?"

ஆசிரியர் தரையில் உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கினார். "இருக்கேன்."

"சார், நீங்க கேட்ட சமநிலை கிடைச்சிருச்சு. எப்படி இருக்கு?"

கண்டக்டர்தான் முதலில் சிரித்தார். பிறகு மாணவிகள். ஆசிரியர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நர்ஸ் மறுபடி மணிக்கட்டைப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது.

"அமைதியா இல்லைங்க" என்றார் ஸ்பீக்கரைப் பார்த்து.

"பொறுங்க சார். கலைச்சுடலாம்."

சொன்னாரே தவிர, அது சுலபமில்லை. பழைய மெஷின் என்றால் கைச்சக்கரம் இருக்கும், சுற்றி இறக்கிவிடலாம். இது கைச்சக்கரம் இல்லாத வகை. சங்கிலி போட்டு இழுக்கும் கருவி கம்பெனிக் கிடங்கில் இருந்தது. மாலை நெரிசலில் அது வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்று போனில் சொன்னார்கள். அவ்வளவு நேரம் அந்தப் புழுக்கத்தில் ஆசிரியரை உட்கார வைக்க மேலிடத்துக்கு மனமில்லை. உள்ளே இருக்கிறவர்களை இறக்கிக் கனத்தைக் குறைக்க முடியாது. கனத்தைக் கூட்டத்தான் முடியும்.

நாலாம் மாடிக்கு இறங்கி, தன்னிடமிருந்த சாவியால் லிஃப்டின் வெளிக்கதவைத் திறந்தார். கூண்டின் கூரை நாலாம் மாடித் தரைக்கு ஏறக்குறைய நேராக நின்றது. தையல்காரர், "நான் ஏறி நிக்கவா?" என்றார்.

"வேணாம். நீங்க பயந்தா ஆடுவீங்க. ஆடாத கனம் வேணும்." திரும்பி நூலகர் அம்மாவைப் பார்த்தார். "அம்மா, புத்தகம் வேணும்."

நூலகர் அம்மா ஏற்கெனவே பதறிப்போய் நின்றார். இருந்தாலும் பழக்கம் விடவில்லை. "எந்தப் பிரிவு?"

"கனமான பிரிவு."

அந்த மாடியில்தான் குறிப்பு நூல்கள் இருந்தன. தோல் அட்டை போட்ட தொகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு செங்கல்லைவிடக் கனம். அவற்றை யாருக்கும் வெளியே கொடுப்பதில்லை என்று நூலகர் அம்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தார். வெளியே இல்லை, நாலடி கீழேதான் போகப்போகின்றன என்றார் மேலிடம். அதற்குமேல் நூலகர் அம்மாவே முதல் அடுக்கை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். காவலாளி சுமந்தார். வகுப்புக்குப் படியேறி வந்த மற்றவர்களும் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். தையல்காரர் பைக்குள் எப்போதும் இருக்கும் துணிப்பட்டைகளால் புத்தகங்களை எட்டு எட்டாகக் கட்டினார். கட்டியதை மேலிடம் கயிறுகளில் படாமல், ஒன்றுமேல் ஒன்று சரியாமல், கூரையின் நடுவில் வைத்தார். தலைக்குமேல் தொம் தொம் என்று ஏதோ இறங்குவதை மட்டும் நாங்கள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

பத்துக் கட்டு ஆனதும் கதவைச் சாத்திப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, மேலிடம் மறுபடி உச்சிக்கு ஏறினார். அவருக்கு இடது முழங்கால் சரியில்லை. தையல்காரர் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று, மேலே அவரும் கீழே காவலாளியும் பேசுவதை மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்தார். அவ்வளவு சத்தமாக அந்த மனிதர் பேசி அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை.

‘க்ளக்.’ கூண்டு ஒரு சாண் இறங்கி நின்றது. ‘க்ளக்.’ இன்னொரு சாண். மெஷின் ரூமில் அவர் கயிற்றில் அடித்து வைத்திருந்த மஞ்சள் பெயிண்ட் கோட்டையே பார்த்துக்கொண்டு, பிரேக்கைத் தளர்த்துவதும் பிடிப்பதுமாக இறக்கினார். அந்தக் கோடு சட்டத்துக்கு நேராக வந்தால் கூண்டு மாடிக்கு நேராக நிற்கிறது என்று அர்த்தம். வந்தது. பிரேக்கைப் பூட்டினார், உச்சியிலிருந்து மூன்றாம் மாடி வரை விந்தி விந்தி இறங்கி வந்தார், கதவைத் திறந்தார். மூன்றாம் மாடி ஜன்னலில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. எல்லாம் சேர்த்து ஐம்பது நிமிடம்.

ஆசிரியரைத்தான் முதலில் இறக்கினோம். படியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தார். எதிரே நின்ற தையல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சட்டை தோள்ல ஒரு விரக்கடை பெருசா இருக்கு சார். கொண்டுவாங்க, பிடிச்சுத் தரேன்" என்றார். பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்தவர் அன்று அவரிடம் பேசியது அது ஒன்றுதான்.

அடுத்த வகுப்பைக் கீழ்த்தளத்திலேயே வைத்துக்கொண்டார்கள். மேலிடம் முதல் வரிசையில் இருந்தார். ஆசிரியர் நின்றபடியே, தயாரித்து வந்ததுபோல இல்லாமல், தடுக்கித் தடுக்கித்தான் தொடங்கினார்.

"ஒரு வாரமா மறுபடி படிச்சேன். சமநிலைங்கிற வார்த்தை நான் போட்டது. அந்தப் பழைய ஆட்கள் சொன்னது திரும்பி வர்றதைப் பத்தி. ஒண்ணு முத்தினா அது அதோட எதிர்ப் பக்கத்துக்குத் திரும்புது. அந்தப் புள்ளி அதுக்குத்தான். நிழல் முழுசா நிழலா இருக்கும்போதே உள்ளே வெயில் ஆரம்பிச்சிடுச்சுன்னு காட்ட. நான் அதை ஒரு படம் மாதிரி சட்டம் போட்டு மாட்டிட்டேன். மென்மைன்னா பொம்பளைன்னு பட்டியல் போட்டதும் அதே தப்புதான். அதுவும் மலை மாதிரி, நேரத்துக்கு நேரம் மாறும். அன்னிக்கு உங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"விடுங்க சார்" என்றார் மேலிடம். ஆனால் முகத்தில் வெற்றி பளிச்சென்று தெரிந்தது. அதை மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "அப்போ நான் சொன்னது சரிதான்?"

"பாதி சரி" என்றார் ஆசிரியர். இப்போது அவர் முகமும் தெளிந்திருந்தது. "நீங்க ரெண்டு எடையைப் பாத்தீங்க, கயித்தைப் பாத்தீங்க. இன்னொண்ணை விட்டுட்டீங்க. அந்தக் கூண்டு எதுக்குள்ள ஓடுது?"

"குழிக்குள்ள. கீழ்த்தளத்துலேர்ந்து உச்சி வரைக்கும் விட்டிருக்கிற இடம்."

"அங்கே என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார். காலி."

"அது காலியா இல்லாட்டி?"

மேலிடம் பதில் சொல்ல வாயைத் திறந்தார், மூடினார். அந்த மாதிரி அவர் நின்றதை நாங்கள் பார்த்ததில்லை. ஆசிரியர் அவசரப்படுத்தவில்லை. இருப்பதும் இல்லாததும் ஒரு ஜோடிதான் என்றும், பானையின் மண் இருப்பது, ஆனால் பானை பயன்படுவது அதற்குள் விட்டுவைத்த இல்லாததால் என்றும் எங்களுக்குச் சொன்னார்.

"இத்தனை வருஷமா அந்தக் காலிக்குள்ளதான் தொங்கிட்டு வேலை பாக்குறேன்" என்றார் மேலிடம் கடைசியில். "அதை ஒரு சாமானா நான் எண்ணினதே இல்ல." நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு வகுப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. இருவரும் வாராவாரம் மோதினார்கள், நாங்கள் வேடிக்கை பார்த்தோம், பார்த்தபடியே கற்றுக்கொண்டோம். எதையும் வலுக்கட்டாயமாகச் செய்யாமல் விடுவது என்ற பாடம் வந்தபோது ஆசிரியர் திணறினார். மேலிடம் எழுந்து, பிரேக்கைத் தளர்த்துவதுதான் அது என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எப்போது தளர்த்துவது என்று தெரியாதவன் தளர்த்தினால் அது தத்துவமில்லை, விபத்து என்று ஆசிரியர் அதற்கு ஒட்டுப் போட்டார். இருவருக்கும் திருப்தி.

கம்பெனியிலும் ஒரு மாற்றம் நடந்தது. பாதி ஆட்களோடு நிற்கும் லிஃப்டில் என்ன செய்ய வேண்டும் என்று மேலிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். சங்கிலிக் கருவி இப்போது கிடங்கில் தூங்குவதில்லை, ஒவ்வொரு வண்டியிலும் ஒன்று இருக்கிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை புது மெக்கானிக்குகளுக்கு அவர்தான் பயிற்சி தருகிறார். போன தடவை பதினோரு பேர் வந்ததில் மூன்று பேர் பெண்கள்.

வகுப்பு முடிவில் எல்லோரும் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. மேலிடம் இருபத்திரண்டு பக்கம் எழுதினார். ஆசிரியர் நூற்றுக்கு அறுபத்திரண்டு போட்டார். மேலிடம் தாளை எடுத்துக்கொண்டு நேராக அவர் மேஜைக்குப் போனார்.

"ஏன் சார் முப்பத்தெட்டு குறைஞ்சது?"

"பாதிக் கட்டுரை லிஃப்டைப் பத்தி இருக்கு."

"மீதிப் பாதி?"

"அதுக்குத்தான் அறுபத்திரண்டு. பாதிக்கு அம்பதுதான் வரணும். பன்னிரண்டு அதிகமாவே போட்டிருக்கேன்."

அவர் கூட்டிக் கழித்துப் பார்த்தார். தீர்ப்பில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. "சரி" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "நல்ல வாத்தியார். சண்டை போடத் தெரிஞ்சிருக்கு."

அடுத்த பருவத்தில் தர்க்கவியல் வகுப்பில் சேர்ந்தார். ஒன்று சரி என்றால் அதன் எதிர் தவறுதான், நடுவில் வேறு எதுவும் கிடையாது என்று அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்களாம். விடுவாரா? இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போய்க்கொண்டிருக்கிறார். அந்த ஆசிரியரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.